கணக்கில் என் பிள்ளை எப்படி? பினாங்குப் பெற்றோரும் இளம் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செபராங் பிறைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளில் 27 ஆண்டுகள் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். நான் பள்ளியை விட்டாலும் கேள்விகள் என்னை விடவில்லை. பட்டர்வொர்த் சந்தையில் மீன் வாங்கும்போது கேட்பார்கள், கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது கேட்பார்கள், இரவு பத்து மணிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) விடைத்தாளைப் படமெடுத்து அனுப்பிக் கேட்பார்கள். பெற்றோர் கேட்டதும் இளம் ஆசிரியர்கள் கேட்டதும் இங்கே கலந்தே இருக்கும்.

யுபிஎஸ்ஆர் போய்விட்டது. இப்போது எதை வைத்துப் பிள்ளையின் நிலையைத் தெரிந்துகொள்வது, டீச்சர்?

முதலில் எது போனது, எது இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஆறாம் ஆண்டில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதிய யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு 1988-இல் தொடங்கியது, கடைசியாக 2019-இல் நடந்தது. 2020-இல் கோவிட் காரணமாக ரத்தானது. 2021 ஏப்ரலில் அடியோடு நீக்கிவிட்டார்கள். இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தில் இருந்த பிடி3 தேர்வும் 2022-இல் போனது. ஆண்டு 1 முதல் 3 வரையிலான அரையாண்டு, இறுதியாண்டுத் தேர்வுகளை அதற்கு முன்பே, 2019-இல், எடுத்துவிட்டார்கள்.

இருப்பது என்ன? ஆண்டு முழுவதும் ஆசிரியர் வகுப்பில் பார்த்துப் பதிகிற வகுப்புசார் மதிப்பீடு. பள்ளி அறிக்கையில் இதை பிபிடி என்று மலாய்ச் சுருக்கத்தில் பார்த்திருப்பீர்கள். ஆண்டு 4-இலிருந்து தவணை முடிவில் யுஏஎஸ்ஏ தேர்வு, 2022/2023 தவணையில் வந்தது. ஐந்தாம் படிவத்தில் எஸ்பிஎம் அரசுத் தேர்வு எப்போதும் போல் இருக்கிறது.

பழைய தேர்வுக்காக ஏங்குகிற பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே எழுத்தில் ஏ, பி என்று வந்துவிட்டால் மனம் அடங்கிவிடும். ஆனால் 'பி' வாங்கிய பிள்ளைக்குப் பின்னம் வரவில்லையா, நேரக் கணக்கு வரவில்லையா, கேள்வியின் தமிழே புரியவில்லையா என்று அந்த எழுத்து ஒரு நாளும் சொன்னதில்லை.

அறிக்கையில் 'அடைவுநிலை 4' என்று இருக்கிறது. அது நூற்றுக்கு எத்தனை புள்ளி?

எத்தனையும் இல்லை. இதைப் புள்ளியாக மாற்றிப் பார்க்காதீர்கள்.

மொத்தம் ஆறு படிகள். பின்னத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு வட்டத்தில் நான்கில் மூன்று பங்குக்கு வண்ணம் தீட்டச் சொன்னால் தீட்டுகிறான் என்றால் அது முதல் படி. அதை ஏன் நான்கில் மூன்று என்கிறோம் என்று சொல்லத் தெரிந்தால் இரண்டு. அரையையும் காலையும் கூட்டி முக்கால் என்று கணக்காகச் செய்துவிட்டால் மூன்று. 'தொட்டித் தண்ணீரில் பாதியைக் காலையில் செடிக்கு ஊற்றினார், கால்வாசியை மாலையில் ஊற்றினார், மிச்சம் எவ்வளவு?' என்பது போன்ற அன்றாடக் கணக்கைத் தீர்த்தால் நான்கு. அதிலேயே சிக்கலானதை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் தீர்த்தால் ஐந்து. இதுவரை பார்த்தே இராத கணக்கைக் கொடுத்தாலும் தானாக ஒரு வழி கண்டுபிடித்தால் ஆறு. மூன்றைக் குறைந்தபட்ச அடைவாகக் கொள்கிறார்கள்.

ஒன்று முக்கியம். இது சராசரி இல்லை. மார்ச்சில் உங்கள் மகள் பின்னத்தில் 2, ஆகஸ்டில் 4 என்றால், இரண்டையும் கூட்டி வகுத்து 3 என்று போடுவது தவறு. அவள் இப்போது நிற்கும் இடம் 4. மார்ச்சில் தெரியாமல் இருந்ததற்காக ஆகஸ்டில் தண்டனை கொடுக்க வேண்டியதில்லை.

எல்லாப் பிள்ளைக்கும் 4, 5 என்றே போட்டிருக்கிறார்கள். நம்புவதா?

பாதி நம்புங்கள். வகுப்பில் முப்பது, நாற்பது பேர், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பதிவு, அதோடு ஆசிரியருக்கு இருக்கும் மற்ற வேலைகள். தவணை முடிவில் ஒரே இரவில் உட்கார்ந்து நிரப்பிய பட்டியல்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் நானே அப்படி நிரப்பினேன், ஒத்துக்கொள்கிறேன்.

ஆகவே எண்ணோடு நிற்காதீர்கள். 'எதைப் பார்த்து 4 கொடுத்தீர்கள், டீச்சர்?' என்று பணிவாகக் கேளுங்கள். உண்மையாக மதிப்பிட்ட ஆசிரியர் பயிற்சிப் புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டுவார், அல்லது 'அன்று கரும்பலகையில் இப்படிச் செய்தான்' என்று ஒரு சம்பவம் சொல்வார். இரண்டும் வரவில்லையென்றால் அந்த 4-ஐப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சண்டையும் வேண்டாம்.

என் மகன் கணக்கில் கெட்டிக்காரன்தான், கவனக்குறைவால்தான் தப்பு வருகிறது. என்ன செய்யலாம்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். 'கவனக்குறைவு' என்று நாம் ஒதுக்கும் தவறுகளில் நிறைய கவனத்தோடு செய்த தவறுகள்.

மூன்றாம் ஆண்டில் ஒரு பையன் இருந்தான். 503-இலிருந்து 267-ஐக் கழிக்கச் சொன்னால் 364 என்று எழுதுவான். சரியான விடை 236. அவனுடைய முந்தைய ஆசிரியர் புத்தகம் முழுக்கச் சிவப்பில் 'கவனம் தேவை' என்று எழுதியிருந்தார். பாவம், பையன் ஒவ்வொரு முறையும் இன்னும் கவனமாக அதே தவறைச் செய்தான். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, 'எப்படிச் செய்தாய், சொல்லு' என்றேன். 'மூணுலேருந்து ஏழு போகாது டீச்சர், அதனால ஏழுலேருந்து மூணு எடுத்தேன்' என்றான். எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்க வேண்டும் என்பது அவன் தானே வகுத்துக்கொண்ட சட்டம். 7-இலிருந்து 3 போனால் 4, 6-இலிருந்து 0 போனால் 6, 5-இலிருந்து 2 போனால் 3. ஒரு பிசகும் இல்லாமல் சட்டத்தைக் கடைப்பிடித்திருக்கிறான். சட்டம்தான் தப்பு.

அமெரிக்காவில் பிரவுன், பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-இல் பிள்ளைகளின் கழித்தல் தவறுகளை இப்படித்தான் பிரித்துப் பார்த்தார்கள். கணினி நிரலில் இருக்கும் பிழையைப் போல, பிள்ளையின் செய்வழியில் ஒரு படி மாறியிருக்கிறது, அதனால் தவறு ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிறது என்று காட்டினார்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய சோதனை எளிது. அதே வகைக் கணக்கை நான்கு கொடுங்கள். ஒன்று தப்பி மூன்று சரி என்றால் அது கவனக்குறைவு, விடுங்கள். நான்கும் ஒரே மாதிரித் தப்பினால் பிள்ளையின் மனத்தில் ஒரு தவறான சட்டம் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மருந்து இன்னும் நாற்பது கணக்கு இல்லை. பத்து வெள்ளித் தாளைச் சில்லறை மாற்றுவது போல ஒரு பத்தை உடைத்து ஒன்றுகளாக்கி, கையில் தொட்டுச் செய்ய வைக்க வேண்டும். அந்தப் பையனுக்கு ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். இரண்டே நாள்.

சரியான விடை வந்துவிட்டால் புரிந்துவிட்டது என்றுதானே பொருள்?

அப்படித்தான் நானும் பல வருடம் நினைத்தேன். தசம எண்தான் என்னைத் திருத்தியது.

0.45, 0.7 இரண்டில் எது பெரியது என்று கேளுங்கள். ஒரு கூட்டம் 0.45 என்னும். 45, 7-ஐவிடப் பெரியதல்லவா! இது எல்லா ஆசிரியரும் அறிந்த தவறு. இன்னொரு கூட்டம் 0.7 என்னும், சரி போட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவோம். இப்போது அதே கூட்டத்திடம் 0.3, 0.85 இரண்டில் எது பெரியது என்று கேளுங்கள். சிலர் 0.3 என்பார்கள். 'தசமத்துக்குப் பின்னால் இலக்கம் குறைவாக இருந்தால் பெரிய எண், நூறாவது பங்கு பத்தாவது பங்கைவிடச் சின்னதுதானே' என்று ஒரு அரைகுறை நியாயமும் வைத்திருப்பார்கள். முதல் கேள்வியில் அவர்கள் தவறான வழியில் சரியான ஊருக்கு வந்தவர்கள்.

பணத்தை வைத்துத் தசமம் சொல்லிக்கொடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. விலைச் சீட்டில் எப்போதும் இரண்டு இலக்கம் இருப்பதால் 3.50 வெள்ளியைச் சரியாகப் படிப்பார்கள். 3.5 என்று எழுதினால் 'மூன்று வெள்ளி ஐந்து சென்' என்பார்கள். பணக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையும் சொல்வான்.

பயிற்சிப் புத்தகத்தில் எல்லாம் சரி, தேர்வில் மட்டும் கோட்டை விடுகிறாள். ஏன்?

பயிற்றியின் தலைப்பைப் பாருங்கள். மேலே கொட்டை எழுத்தில் 'பெருக்கல்' என்று இருக்கிறதா? அப்படியானால் கீழே இருக்கும் இருபது கணக்கிலும் எண்களைப் பெருக்கினால் போதும், வாசிக்கவே வேண்டாம். தேர்வுத் தாளில் தலைப்பு இல்லை. எந்தக் கணக்கை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் வேலையை அவள் அதுவரை செய்ததே இல்லை.

பழைய தலைப்புகளிலிருந்து இரண்டு, புதியதிலிருந்து மூன்று என்று கலந்து கொடுங்கள். ஆரம்பத்தில் தப்பு கூடும். பயப்பட வேண்டாம், இப்போதுதான் உண்மையான நிலையைப் பார்க்கிறீர்கள்.

பிரச்சனைக் கணக்கு என்றாலே ஓடுகிறான். வெறும் கூட்டல் கழித்தல் நன்றாக வருகிறது.

கெலுகோரில் ரெக்சாம் இருப்பது பினாங்குக்காரர்கள் பலருக்குத் தெரியாது. தென்கிழக்காசிய நாடுகளின் கல்வி அமைச்சர்கள் அமைப்பு அறிவியல், கணிதக் கல்விக்கென 1967-இல் தொடங்கிய வட்டார மையம் அது. அங்கே ஒரு பயிற்சியில்தான் ஆன் நியூமன் என்ற ஆஸ்திரேலிய ஆசிரியரின் முறையை முதலில் கேட்டேன். 1977-இல் அவர் வெளியிட்டது. தப்பாகச் செய்த பிரச்சனைக் கணக்கை வைத்துக்கொண்டு பிள்ளையிடம் ஐந்து கேள்விகள், இந்த வரிசையில்: கேள்வியை வாசித்துக் காட்டு. என்ன கேட்கிறார்கள் என்று உன் வார்த்தையில் சொல். எப்படிச் செய்யப் போகிறாய்? செய்து காட்டு. இப்போது விடையை எழுது.

எந்தப் படியில் வண்டி நிற்கிறது என்று பாருங்கள், அங்கேதான் பழுது. சில பிள்ளைகள் முதல் படியிலேயே நிற்பார்கள், வாசிக்க வராது. அவனுக்குக் கணக்கு டியூஷன் எதற்கு? தமிழ் வாசிப்புப் பயிற்சி கொடுங்கள். என் அனுபவத்தில் அதிகம் பேர் நிற்பது இரண்டிலும் மூன்றிலும்தான், அதாவது பென்சிலை எடுத்துக் கணக்கிடுவதற்கு முன்பே.

இதில் நம் ஆசிரியர்களின் பங்கும் உண்டு. 'மீதம் என்றால் கழி, மொத்தம் என்றால் கூட்டு' என்று குறுக்குவழி சொல்லிக்கொடுக்கிறோம். 'கவிதா 8 வெள்ளி செலவழித்தாள், மீதம் 12 வெள்ளி இருந்தது, முதலில் அவளிடம் எவ்வளவு இருந்தது?' என்று கேட்டால் 4 என்று வருகிறது. மீதம் என்ற சொல்லைப் பார்த்ததும் கை கழித்துவிடுகிறது.

1980 வாக்கில் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன? பெரும்பாலான பிள்ளைகள் எண்களைச் சேர்த்து ஒரு வயதைக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகள் அப்படிச் செய்வார்களா என்று நானும் பார்த்தேன். 'பட்டர்வொர்த் ஃபெர்ரியில் 40 மோட்டார் சைக்கிள்களும் 12 சைக்கிள்களும் இருக்கின்றன, ஓட்டுநருக்கு என்ன வயது?' வகுப்பில் பாதிக்கு மேல் 52. ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கி, 'அத எப்படி டீச்சர் சொல்றது, அவர்கிட்டதான் கேட்கணும்' என்றாள். அவளுக்கு அன்று என் பையிலிருந்த மிட்டாய் முழுவதும்.

'130 மாணவர்கள், 40 பேர் அமரும் பேருந்துகள், எத்தனை பேருந்து தேவை?' என் மகள் '3 மீதி 10' என்று எழுதினாள். வகுத்தல் சரிதானே, ஏன் புள்ளியைக் குறைத்தார்கள்?

பத்துப் பிள்ளைகளைக் கொடிமலை அடிவாரத்தில் விட்டுவிட்டு வரச் சொல்கிறாளே, அதனால்தான்.

இது உங்கள் மகளுக்கு மட்டும் வரும் தடுமாற்றம் இல்லை. அமெரிக்காவில் 1983-இல் வெளியான தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 1,128 படைவீரர்களை 36 பேர் ஏறும் பேருந்துகளில் ஏற்ற எத்தனை பேருந்து தேவை என்று கேட்டார்கள். ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் வகுத்தலைச் சரியாகச் செய்தார்கள். 32 பேருந்து என்று எழுதியவர்கள் 23 விழுக்காடுதான். நிறைய பேர் '31 மீதி 12' என்றே விட்டுவிட்டார்கள்.

ஆனாலும் ஆசிரியர் அரைப் புள்ளியாவது கொடுத்திருக்கலாம், அல்லது ஓரத்தில் 'அந்தப் பத்துப் பேர் எங்கே?' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். வெறும் சிவப்புக் கோடு அவளுக்கு எதையும் சொல்லாது.

வகுப்பில் 38 பேர், பாடம் 30 நிமிடம். ஒவ்வொருவரையும் எப்படி மதிப்பிடுவது, டீச்சர்? (இளம் ஆசிரியர்கள் கேட்பது)

எல்லாரையும் ஒரே நாளில் மதிப்பிட முயலாதீர்கள், அதுதான் முதல் தவறு. ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பயிற்சி செய்யும்போது அந்த ஐந்து மேசைகளில் மட்டும் நின்று, 'இதை ஏன் இப்படிச் செய்தாய்?' என்று கேளுங்கள். சட்டைப் பையில் ஒரு சின்னக் குறிப்பேடு, ஒரு வரி போதும். எட்டுப் பள்ளி நாளில் வகுப்பு முழுவதும் சுற்றி வந்துவிடும்.

முழு வகுப்பின் நிலையும் உடனே வேண்டுமென்றால் பாட நடுவில் ஒரே ஒரு நல்ல கேள்வி. அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டால் அதுவே சின்ன வெள்ளைப் பலகை, மார்க்கர் பேனாவால் எழுதித் துணியால் துடைக்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். 'புரிந்ததா?' என்று கேட்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். 'புரிந்ததா' என்றால் 38 பேரும் சேர்ந்து 'புரிந்தது டீச்சர்' என்று ராகம் போடுவார்கள்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்தான் திறமை. தவறான ஒவ்வொரு விடையும் ஒவ்வொரு தவறான எண்ணத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். எனக்குப் பிடித்தது: 8 + 4 = □ + 5. கட்டத்தில் என்ன வரும்? 12 என்று எழுதியவனுக்குச் சமக்குறி என்றால் 'விடை வருகிறது' என்ற அறிவிப்பு, அவ்வளவுதான். 17 என்றால் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கூட்டியிருக்கிறான். 7 என்று எழுதியவனுக்குத்தான் இரண்டு பக்கமும் ஒரே எடை என்பது தெரியும். இடைநிலைப்பள்ளியில் இயற்கணிதம் வரும்போது முதல் இரண்டு கூட்டமும் திணறும், அப்போது யாரும் இந்தச் சமக்குறியை நினைக்க மாட்டார்கள்.

பாதிப் பேர் தப்பாகக் காட்டினால் அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள். இதைச் சொல்வது எளிது. பாடத்திட்டம் முடிக்காவிட்டால் தலைமையாசிரியர் கேட்பார், தெரியும். ஆனாலும் போகாதீர்கள்.

புள்ளியும் போட்டு, கருத்தும் எழுதினால் இரட்டைப் பலன்தானே?

இஸ்ரேலில் ரூத் பட்லர் என்பவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார். ஒரு பகுதிக்குப் புள்ளி மட்டும், ஒரு பகுதிக்குக் கருத்து மட்டும், ஒரு பகுதிக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்கள்தான் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள்.

வகுப்பில் விடைத்தாள் கொடுக்கும் நிமிடத்தை நினைத்துப் பாருங்கள், காரணம் புரியும். முதலில் எண்ணைப் பார்க்கிறான், அடுத்து பக்கத்துப் பையனின் எண்ணைப் பார்க்கிறான், தாளை மடித்துப் பையில் திணிக்கிறான். நீங்கள் இரவு பதினொரு மணி வரை எழுதிய கருத்து மடிப்புக்குள் போய்விட்டது.

நான் கடைசி சில வருடங்களில் செய்தது: சிறு சோதனைகளில் புள்ளியை என் புத்தகத்தில் மட்டும் எழுதிக்கொள்வேன். தாளில் 'பத்தில் மூன்று தப்பு, கண்டுபிடி' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பேன். திருத்திக்கொண்டு வந்தால்தான் புள்ளி சொல்வேன். முதல் மாதம் பெற்றோர் முணுமுணுத்தார்கள்.

தமிழ்ப்பள்ளியில் கணிதத்தில் நன்றாக இருந்தவன் படிவம் 1-இல் ஏன் திடீரென்று சரிகிறான்?

பல நேரம் சரிவது கணிதமே இல்லை, மொழி. நேற்று வரை 'பின்னம்', 'தசமம்', 'பரப்பளவு', 'பெருக்குத்தொகை'. இன்று 'பெச்சாஹான்', 'பெர்புலுஹான்', 'லுவாஸ்', 'ஹாசில் டாராப்'. கேள்வி புரியாததைக் கணக்குத் தெரியாது என்று மதிப்பிட்டு, பின்தங்கிய வகுப்பில் போட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழில் 'நான்கில் மூன்று' என்று கீழே இருக்கும் எண்ணை முதலில் சொல்கிறோம். மலாயில் 'தீகா பெர் அம்பாட்', மேலே இருப்பது முதலில். சொல்லக் கேட்டு எழுதும்போது தொகுதியையும் பகுதியையும் பிள்ளை தலைகீழாக்கிவிடுகிறான். கீழ் வகுப்பில் 'தொள்ளாயிரம்' என்றதும் ஆயிரம் காதில் விழுந்து 9000 என்று எழுதுகிற பிள்ளைகள் இல்லையா, அந்த மாதிரிதான்.

சோதித்துப் பார்க்க ஒரே வழி: தப்பிய கேள்வியை அப்படியே தமிழில் சொல்லிக் கேளுங்கள். செய்துவிட்டான் என்றால் வேண்டியது சொற்பட்டியல். ஆறாம் ஆண்டின் கடைசி இரண்டு மாதம் ஒரு நாற்பது மலாய்க் கணிதச் சொல்லைப் பழக்கிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

வாய்ப்பாட்டை வேகமாகச் சொல்லாவிட்டால் கணக்கு வராதா?

வாய்ப்பாடு வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. பந்தயக் கடிகாரம் வேண்டாம். வரிசையாகப் பாடத் தெரிவதையும் சோதனை என்று எண்ணாதீர்கள், அது பாட்டு. ஏழாம் வாய்ப்பாட்டை ராகத்தோடு சொல்லும் பிள்ளையிடம் நடுவில் 'ஏழெட்டு?' என்றால் மறுபடி 'ஓரேழ் ஏழு' என்று தொடங்குவான். தெரியாவிட்டால் 'ஏழேழு நாற்பத்தொன்பது, இன்னொரு ஏழு சேர்த்தால் ஐம்பத்தாறு' என்று வருகிறானா பாருங்கள். அப்படி வருகிறவனைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

டியூஷனில் வாரம் ஒரு தேர்வு வைக்கிறார்கள். நல்லதுதானே?

தாள் வீட்டுக்கு வருகிறதா, திருத்தி மறுபடி செய்ய வைக்கிறார்களா என்று பாருங்கள். வந்தால் நல்லது, நினைவிலிருந்து எடுத்துச் செய்யச் செய்யப் படித்தது நிலைக்கும். வெறும் புள்ளிப் பட்டியல் மட்டும் புலனக் குழுவில் வந்தால் அந்தக் காசில் வாரம் ஒரு முறை நாசி கண்டார் சாப்பிடலாம்.

எப்போதும் நூறு வாங்கும் பிள்ளையை எப்படி மதிப்பிடுவது?

நூறு என்றால் தேர்வு அவளுக்குப் போதவில்லை. ஒரே விடை இல்லாத கேள்வி கொடுங்கள். 'பரப்பளவு 24 சதுர சென்டிமீட்டர் உள்ள செவ்வகங்களை வரை. எதற்குச் சுற்றளவு குறைவு?' முழு எண் பக்கங்கள் என்றால் 1-க்கு 24, 2-க்கு 12, 3-க்கு 8, 4-க்கு 6. சுற்றளவுகள் 50, 28, 22, 20. இவற்றை ஒழுங்காக வரிசைப்படுத்துகிறாளா, அல்லது ஒன்றைக் கண்டதும் நிறுத்திவிடுகிறாளா என்று பாருங்கள். 'பக்கங்கள் நெருங்க நெருங்கச் சுற்றளவு குறைகிறது, டீச்சர்' என்று தானாகச் சொன்னால் ஆறாம் படிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். 'அப்படின்னா 4.9-க்கு என்ன வரும்?' என்று கேட்டால், இனிமேல் அவளுக்கு நீங்கள் கேள்வி தேட வேண்டியதில்லை.

வீட்டுப்பாடத்தைப் போனில் படமெடுத்தால் செய்வழியோடு விடை வந்துவிடுகிறது. இனி என்ன மதிப்பீடு?

வீட்டுப்பாடத்துக்குப் புள்ளி போடுவதை நிறுத்துங்கள். மறுநாள் அதிலிருந்து ஒரு கணக்கை எண்ணை மட்டும் மாற்றி, மூன்று நிமிடத்தில் வகுப்பில் செய்யச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

உலகத் தரவரிசையில் மலேசியக் கணிதம் விழுந்துவிட்டது என்கிறார்கள். என் பிள்ளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாக ஒன்றுமில்லை. டிம்ஸ் என்ற அனைத்துலக மதிப்பீட்டில் நம் இரண்டாம் படிவ மாணவர்கள் 1999-இல் 519 புள்ளி எடுத்தார்கள், 2011-இல் 440, 2019-இல் 461, 2023-இல் 411. பதினைந்து வயதினருக்கான பீசாவில் 2018-இல் 440 இருந்தது, 2022-இல் 409 ஆனது. இறக்கம் உண்மை. ஆனால் இவை தேர்ந்தெடுத்த சில பள்ளிகளில் நடப்பவை, நாட்டின் நிலையைச் சொல்பவை. உங்கள் பிள்ளையின் பெயர் அதில் இல்லை.

ஒரே ஒரு பயன் உண்டு. பீசா மாதிரிக் கேள்விகள் சில இணையத்தில் பொதுவில் கிடைக்கின்றன. எடுத்து வாசியுங்கள். விலைப் பட்டியல், வரைபடம் என்று நிஜ வாழ்க்கைத் தகவலைக் கொடுத்து 'எதைத் தேர்வாய், ஏன்?' என்று கேட்பார்கள். அந்த 'ஏன்' நம் பயிற்றிகளில் எத்தனை பக்கத்துக்கு ஒரு முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் ஒரு முறை எண்ணினேன், நாற்பதாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன்.

பெற்றோர் சந்திப்பில் ஆசிரியரிடம் என்ன கேட்பது? எனக்குக் கணிதம் தெரியாது.

உங்களுக்குக் கணிதம் தெரிய வேண்டியதில்லை. 'வகுப்பில் எத்தனையாவது?' என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு ஆசிரியர் ஒரு எண் சொல்வார், நீங்கள் சந்தோஷமாகவோ சோகமாகவோ வீட்டுக்குப் போவீர்கள். பயிற்சிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். தப்பு அதிகமாக இருக்கும் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, 'இங்கே என்ன நினைத்து இப்படி எழுதியிருப்பான்?' என்று கேளுங்கள். 'இப்போது எந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிதாகும்?' என்று கேளுங்கள். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், வெளியே வராந்தாவில் உட்கார வைக்காதீர்கள். அந்தப் பக்கத்தைப் பற்றி ஆசிரியரைவிட அவனுக்குத்தான் அதிகம் தெரியும்.